அப்பா தூங்கும் படம்

லூசியேன் சைகோனை விட்டுப் போனது 1932ஆம் வருடம், கல்லறைத் திருநாளன்று. குழந்தையிலேயே இறந்துபோன தம்பியின் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு நேராகத் துறைமுகத்துக்கு வந்தாள். விரல் நுனியில் இன்னும் மெழுகு ஒட்டியிருந்தது. அவளுக்கு அப்போது பதினேழு வயது. காரைக்காலில் அத்தை மகனுக்குப் பேசி முடித்தாயிற்று. அவள் அம்மா கூடப் போகிறார். அப்பா போகவில்லை. அந்த வெயிலிலும் கோட்டும் தொப்பியும் பளபளக்கும் சப்பாத்துமாக, எங்களிடமிருந்து தள்ளி நின்று கப்பலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் ஒரு தகரப் பெட்டி நிறைய, படம் வரையும் கரிக்குச்சிகள் கொண்டுபோயிருந்தேன்.

"நீயே வச்சுக்க ஜோசெட். அங்க அடுப்படியில கரிக்கா பஞ்சம்?" என்று சிரித்தாள் லூசியேன்.

"மாமியார வரைஞ்சு அனுப்புடி. எப்படி இருக்காங்கன்னு நானும் பாக்குறேன்."

"அத எதுக்கு வரையணும்? எங்க அப்பாவுக்கு மீசைய எடுத்துட்டா எங்க அத்தை."

சொன்ன பிறகு எங்கள் இருவருக்குமே சிரிப்பு வரவில்லை. அப்பாவை வரைந்ததால்தான் அவள் கப்பல் ஏறுகிறாள்.

அவர் பெயர் பியேர் கான்ஸ்தான். துறைமுக அலுவலகத்தில் குமாஸ்தா. சைகோனைப் போலவே பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காரைக்காலில் சவரிராயனாகப் பிறந்து, ஊர் வழக்கத்தை விட்டுப் பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றுப் பெயரை மாற்றிக்கொண்டவர். பெயருக்கு ஏற்ற சம்பளம், சம்பளத்துக்கு ஏற்ற உடுப்பு. தெருக்கோடியில் ரொட்டி வாங்கப் போனாலும் சப்பாத்து போட்டுக்கொண்டுதான் போவார். "வெறுங்காலோட பாத்தான்னா, எவனும் பழைய பேரச் சொல்லித்தான் கூப்பிடுவான்" என்பார்.

எங்கள் பள்ளிக்கூட வகுப்பில் தமிழ்ப் பெண்கள் நாங்கள் இருவர்தான். லூசியேன் லத்தீனிலும் கணக்கிலும் கடைசி. கேள்வி கேட்டால் எழுந்து நின்று மேசையைப் பார்ப்பாள். சனிக்கிழமை ஓவிய வகுப்பில் மட்டும் அவள் வேறு ஆள். கரிக்கோட்டை அழிக்க, ரொட்டியின் உள்ளே இருக்கும் மெத்தென்ற பகுதியைப் பிய்த்து உருட்டிக்கொள்வோம். எங்கள் ரொட்டி பாதி வயிற்றுக்குள் போய்விடும். அவளுடையது முழுவதும் கறுப்பு உருண்டைகளாகிக் கிடக்கும். மற்ற நாட்களில் எங்களோடு பேசாத வெள்ளைக்காரப் பெண்கள் தாளைத் தூக்கிக்கொண்டு அவளிடம் வருவார்கள், மூக்கு சரியாக வரவில்லை என்று. கழுத்தைச் சரிசெய், மூக்கு தானாக அமையும் என்பாள். அந்த வருடம் லத்தீன் வகுப்பிலும் அவள் தலை நிமிர்ந்தது. பதில் தப்பாக இருந்தாலும் சத்தமாகச் சொன்னாள். படிப்பை முடித்தால் ஓவிய ஆசிரியை ஆகலாம் என்று ஓவிய வகுப்பு மதாம் சொன்னதிலிருந்து, அவளுக்கு வேறு எந்த ஆசையும் இல்லை.

ஆண்டு இறுதிக்கு மதாம் கொடுத்த தலைப்பு, 'வீட்டில் ஒருவர்'. லூசியேன் மதியத் தூக்கத்தில் இருந்த அப்பாவை வரைந்தாள். பாயில், வெற்றுடம்போடு, வேட்டி மட்டும் கட்டி, ஒரு கையைத் தலைக்கு அடியில் மடித்து வைத்துப் படுத்திருக்கிறார். பாதங்கள் நம்மைப் பார்த்து இருக்கின்றன. சப்பாத்து கடித்த தழும்புகளை ஒவ்வொன்றாக வரைந்திருந்தாள். உள்ளங்கையில் ஏந்தி வைத்திருப்பதுபோல இருந்தன அந்தக் கால்கள்.

முதல் பரிசு அதற்குத்தான். எந்தப் படம் என்று அவள் வீட்டில் சொல்லவில்லை. அப்பா நேரில் பார்த்துப் பூரிக்க வேண்டும் என்று நினைத்தாள். அவரோ பூரிப்பில், பள்ளியின் அழைப்பு அட்டையைத் தன் மேலதிகாரியிடமே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார்.

பரிசளிப்பு நாளில் மேலதிகாரி மனைவியோடு வந்தார். அந்தப் படத்தின் முன் அந்த அம்மாள் நின்றுவிட்டாள். "இந்தக் கூலியைப் பாருங்கள், எவ்வளவு அழகாகத் தூங்குகிறான்!" என்றாள். மேலதிகாரி குனிந்து கீழே ஒட்டியிருந்த சீட்டைப் படித்தார். 'என் தந்தை. லூசியேன் கான்ஸ்தான்.' படித்துவிட்டு நிமிர்ந்து, பக்கத்தில் தொப்பியைக் கையில் பிடித்து நின்றவரின் சப்பாத்தைப் பார்த்தார். பிறகு கணவனும் மனைவியும் சிரித்தார்கள். கேலிச் சிரிப்புகூட இல்லை, குழந்தையைப் பார்த்துச் சிரிப்பதுபோல. படம் தனக்குக் கிடைக்குமா என்று அந்த அம்மாள் கேட்டாள்.

"அது உங்களுடையதுதான், மதாம்" என்று நல்ல பிரெஞ்சில் சொல்லி, ஆணியிலிருந்து தானே கழற்றிக் கொடுத்தார் அப்பா.

திரும்பி நடக்கும்போது நானும் கூட வந்தேன். வீடு வரும்வரை அவர் எங்களுக்கு முன்னால் வேகமாக நடந்தார். வாசலில் நின்று, "இனிமே பள்ளிக்கூடம் வேணாம்" என்றார்.

"ஏம்ப்பா? படம் நல்லாத்தான இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு புள்ள. நல்லா இல்லன்னா நாந்தான்னு எவனுக்குத் தெரிஞ்சிருக்கும்?"

மதாம் இரண்டு முறை வீட்டுக்கு வந்து பேசிப் பார்த்தார். இரண்டு முறையும் அப்பா கோட்டு போட்டுக்கொண்டு, நாற்காலி கொடுத்து, மரியாதையாக மறுத்து அனுப்பினார்.

பிறகு நான் பிரெஞ்சுக் குடும்பங்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் கப்பல் கப்பலாக அலைந்தேன். ஏழு வருடம் கழித்து சைகோன் திரும்பியபோது, பிரான்சின் மர்செய் துறைமுகத்தில் என்னைத் தேடிவிட்டு வந்த கடிதம் ஒன்று காத்திருந்தது. படித்ததும் துறைமுக அலுவலகத்துக்கு ஓடினேன். அந்த மேலதிகாரி பிரான்சுக்குப் போய்ப் பல காலம் ஆகிறது. எந்த ஊர் என்று யாருக்கும் தெரியவில்லை. லூசியேன் எழுதியது இது:

"ஜோசெட், அப்பா போன தவக்காலத்தில் இறந்துவிட்டார். வேலை முடிந்து இங்கே வந்த நாளிலிருந்து சப்பாத்தைத் தொடவே இல்லை. மதியம் கூடத்தில் பாய் போட்டு அதே மாதிரிதான் படுப்பார். ஒரு நாள் கண்ணைத் திறக்காமலே, 'வரையலியா புள்ள?' என்றார். அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. நாளைக்கு என்றேன். இப்போது சுவரில் கோட்டு போட்ட புகைப்படத்தை மாட்டியிருக்கிறோம். இது யார் என்று என் மகள் கேட்கிறாள். அடுப்புக் கரியை எடுத்து வரைந்து பார்த்தேன். வீட்டில் ரொட்டி இல்லை, சோற்றை உருட்டி அழித்தேன், தாள் கிழிந்துவிட்டது. கால் வருகிறது. முகம் வரவில்லை. நீதான் ஊர் ஊராகப் போகிறாயே, அந்த அம்மாள் எங்கே இருக்கிறாள் என்று விசாரி. படத்தைக் கேட்காதே, கொடுத்ததைக் கேட்டால் அப்பாவுக்குப் பிடிக்காது. முகத்தை மட்டும் நன்றாகப் பார்த்துவிட்டு வந்து எனக்குச் சொல்."