பத்தாம் ஆண்டுப் பிள்ளையின் இலட்சியத் தாள்

இன்று, இயக்கத்தின் கட்டுப்பாட்டில் இருக்கும் படுவான்கரையில் நான் படிப்பிக்கும் பத்தாம் ஆண்டு வகுப்புக்கு, ஆளுமை விருத்திப் பயிற்சி கொடுக்கக் கொழும்பிலிருந்து ஒருவர் வந்திருந்தார்.

ஐந்து வருடத்தில் என்னவாக இருப்பீர்கள் என்று எல்லோரையும் தாளில் எழுதச் சொன்னார்.

ஒருத்தி, "அடுத்த மாதம் எனக்குக் கலியாணம்" என்று மட்டும் எழுதிக் கொடுத்தாள்.

அவருக்கு முகம் சுண்டிவிட்டது. "இதவிடப் பெரிய கனவு ஒண்டும் இல்லையா, பிள்ளை?"

"கலியாணம் கட்டினா இயக்கத்துக்குப் பிடிச்சிட்டுப் போய்ச் சண்டைக்கு விடமாட்டாங்க, சேர். அம்மாதான் பேசி முடிச்ச. எனக்குப் படிக்கத்தான் விருப்பம்."

அவர் அவள் தாளின் கீழே சிவப்புப் பேனையால் எழுதினார்: "தன்னம்பிக்கை போதாது."

கலியாணத்துக்கு என்னையும் வரச் சொல்லியிருக்கிறாள். பதினைந்து வயதுப் பெண்பிள்ளைக்கு என்ன பரிசு கொண்டுபோவது? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.