நடப்புச் சாம்பியன் வேல்பாண்டி

கம்பம் ஜீப் ஸ்டாண்டில் போய் வேல்பாண்டி இருக்காரா என்று கேட்டால், எந்த வேல்பாண்டி என்று திருப்பிக் கேட்பார்கள். நடப்புச் சாம்பியன் என்று சொல்லிப் பாருங்கள், நாலு பேர் ஒரே நேரத்தில் அவர் பக்கம் கை நீட்டுவார்கள். அதில் ஒருவன் கட்டாயம் சிரிப்பான். வேல்பாண்டி அதைக் கண்டுகொள்வதில்லை. வயது ஐம்பதை நெருங்குகிறது, வயிறு கொஞ்சம் முன்னால் வந்துவிட்டது. காலையில் பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்குப் போய், சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து இறக்கிவிடுகிற டிரைவர். ஆனாலும் சாம்பியன்தான். இந்தப் பக்கத்துக் கால்பந்துக் கோப்பையைக் கடைசியாக ஜெயித்தது அவருடைய டீம். அதற்குப் பிறகு அந்தக் கோப்பைக்கு யாருமே ஆடவில்லை. ஆடாமல் எப்படித் தோற்பது? இதுதான் அவர் கட்சி.

அந்தக் கோப்பை பிறந்ததே ஒரு கூத்து. தேனி பஜாரில் மோட்டார் பம்ப் கடை வைத்திருந்த ஞானதுரைக்குக் கால்பந்து என்றால் உயிர். வெளிநாட்டில் லீக் ஆட்டங்கள் தொடங்குமுன் சீசனுக்கு முந்திய கோப்பை என்று ஒன்று வைப்பார்களாம். எங்கோ படித்துவிட்டு, நம் பக்கமும் ஒன்று வைத்தே தீருவது என்று கிளம்பிவிட்டார். கம்பம் ஜீப் ஸ்டாண்டுக்கு வந்து, "ஏம்ப்பா, இங்க சீசன் எப்ப ஆரம்பிக்குது?" என்று விசாரித்தார். இந்த ஊரில் சீசன் என்றால் என்னவென்று பச்சைப் பிள்ளைகூடச் சொல்லும்.

"ஆடி பொறந்துட்டா சீசன்தான் மொதலாளி. ஏலக்கா எடுக்க ஆளுக மலையேறிருவாக."

மனுஷர் அதை நம்பி ஆனிக் கடைசி ஞாயிற்றுக்கிழமை என்று நோட்டீஸ் அடித்துவிட்டார். மாவட்ட லீக் தை மாதம்தான் தொடங்கும் என்பது பிறகுதான் தெரிந்தது. ஸ்டாண்டே விழுந்து விழுந்து சிரித்தது. "சிரிங்கப்பா சிரிங்க. நம்ம கப்பு ஏலக்காய்க்கு முந்தின கப்பு, போங்க" என்று அவரும் சேர்ந்து சிரித்தார். அப்படியே நிலைத்துவிட்டது.

கம்பம், போடி, சின்னமனூர், ஆண்டிபட்டி, மலைக்கு மேலே இருந்து குமுளி என்று டீம்கள் வரும். ஆனி மாதச் சாரலில் ஆட்டம் பாதியில் நின்றுபோவது உண்டு. மேலே போக வேண்டிய ஜீப்புகள் மூடுபனிக்கு முன்னால் கிளம்பியாக வேண்டும். அதனால் ஞானதுரை ஒரு சட்டம் போட்டார். ஆட்டம் சமமாக நின்றால், பூவா தலையா போட்டு ஒரு கேப்டன் பந்தை உதைக்க வேண்டும், மற்ற கேப்டன் கோலில் நிற்க வேண்டும். ஒரே ஒரு உதைதான், கோல் விழுந்தால் உதைத்தவன் டீமுக்குக் கோப்பை, தடுத்துவிட்டால் தடுத்தவன் டீமுக்கு. இதற்குக் கேப்டன் அடி என்று பெயர். இன்னொரு வழக்கமும் இருந்தது. ஜெயித்த டீமின் ஜீப் சீசனின் முதல் ட்ரிப்பில் கோப்பையை முன்னால் கட்டிக்கொண்டு மலையேறும். தோட்டம் தோட்டமாகக் கோப்பை ஊர்வலம் போகும்.

கடைசி ஃபைனல் 2019இல். கம்பமும் குமுளியும் ஆளுக்கொரு கோல். அடைமழை பிடித்துக்கொள்ள, கேப்டன் அடி என்று முடிவாயிற்று. குமுளி கேப்டன் பைஜு, அவனும் ஜீப் டிரைவர்தான், வலது மூலைக்கு உதைத்தான் பாருங்கள் ஒரு உதை. கம்பம் கேப்டன் வேல்பாண்டி சேற்றில் விழுந்து விரல் நுனியால் தள்ளினார். பந்து வெளியே போயிற்று, மோதிர விரல் உடைந்து போயிற்று. இன்றைக்கும் அந்த விரல் கோணல்தான். சில்லறை கொடுக்கும்போதுகூட அதை முன்னால் நீட்டித்தான் கொடுப்பார்.

அடுத்த வருஷம் கொரோனா வந்து கேரள எல்லையை அடைத்தார்கள். சீசனே இல்லை, பிறகு எங்கே சீசனுக்கு முந்திய கோப்பை? அந்த வருஷமே ஞானதுரையும் கண்ணை மூடினார். எடுத்து நடத்த ஆளில்லை. கோப்பை வேல்பாண்டி வீட்டு டிவி மேலேயே தங்கிவிட்டது. எல்லை திறந்தபிறகு அவர் மட்டும் வருஷா வருஷம் முதல் ட்ரிப்புக்கு அதைத் துடைத்துக் கட்டிக்கொண்டு போனார்.

"நடப்புச் சாம்பியனே, தண்ணி வந்துருச்சு, கொடத்தத் தூக்குங்க" என்பாள் அவர் மனைவி யுவராணி. அதையும் அவர் பாராட்டாகவே எடுத்துக்கொள்வார்.

இந்த ஆனியில் வந்தது வினை. அல்லிநகரத்தில் கால்பந்து கிளப் நடத்தும் சுரேஷ்கண்ணன், பழைய ஆட்டக்காரர்களுக்குப் பாராட்டு விழா என்று கம்பம் சிக்னலில் ஃபிளெக்ஸ் வைத்தான். வேல்பாண்டியின் படம் பெரிதாகத்தான் இருந்தது. அடியில் 'முன்னாள் சாம்பியன்' என்று போட்டிருந்தது.

நடு ரோட்டில் ஜீப்பை நிறுத்திவிட்டார். பின்னால் ஹாரன் கதறுகிறது. போனைப் போட்டார்.

"ஏலே, முன்னாளா? என்னைய யாருலே ஜெயிச்சது?"

"அண்ணே, கோவிக்காதீக. கப்புதான் இப்ப நடக்கலையே. நடக்காத கப்புக்கு எப்படிண்ணே நடப்புச் சாம்பியன்?"

வேல்பாண்டிக்குச் சுருக்கென்றது. போனை வைத்துவிட்டு வண்டியை வீட்டுக்குத் திருப்பினார். சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, "கப்பே இல்லைன்னுட்டான் யுவராணி. அப்ப இத்தன வருசம் நான் யாரு?" என்றார். அவளுக்கு அன்று கிண்டல் வரவில்லை. டிவி மேலிருந்த கோப்பையை எடுத்துப் புளி போட்டுத் துலக்கிக் கையில் கொடுத்தாள். "கப்பு இல்லைன்னு சொன்னாகல்ல? கொண்டுபோய் அவுக கண்ணு முன்னாடி வைங்க."

மைதானத்தில் போட்டிருந்த விழா மேடையில் சால்வை போர்த்த வந்தவர்களை விலக்கிவிட்டு, வேல்பாண்டி கோப்பையை மேஜையில் நங்கென்று வைத்தார். மைக்கைப் பிடித்தார். "கப்பு இந்தா இருக்கு. நான் நடப்புச் சாம்பியன். என்னைய முன்னாள்னு சொல்லணும்னா, ஒருத்தன் வந்து ஜெயிச்சுட்டுச் சொல்லுங்க."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. மேடையில் சால்வையோடு உட்கார்ந்திருந்த பைஜு மட்டும் சிரிக்கவில்லை. தலை பாதி நரைத்திருந்தது. சால்வையைக் கழற்றி நாற்காலியில் போட்டான்.

"அண்ணே, கேப்டன் அடி. நான் அடிக்கட்டே?"

"அடிக்கடா மோனே!" என்று அவன் மலையாளத்திலேயே பதில் கொடுத்தார் வேல்பாண்டி. வேட்டியை அவிழ்த்து சுரேஷ்கண்ணன் தோளில் போட்டார். உள்ளே கால்சட்டை தயாராக இருந்தது. நினைத்துத்தான் வந்திருக்கிறார், கள்ளன்.

மேடைக்கு எதிரே இருந்த கோலுக்குப் போய்ப் பூவா தலையா போட்டார்கள். பைஜு உதைக்க வேண்டும் என்று விழுந்தது. சாரலும் சொல்லிவைத்தாற்போல் வந்தது. பைஜு அதே வலது மூலைக்குத்தான் உதைத்தான். வேல்பாண்டி பாய்ந்தார். விட்டுக்கொடுக்கிற ஆள் அவர் இல்லை, உயிரைக் கொடுத்துத்தான் பாய்ந்தார். கோணல் விரலில் பந்து பட்டது, பட்டும் நிற்காமல் வலைக்குள் போய்விட்டது.

வேல்பாண்டி ஈரப் புல்லில் முகம் புதையக் கிடந்தார். யுவராணி ஓடிவந்தாள். புரட்டிப் பார்த்தால் மனுஷர் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

"தோத்துட்டேன்டி! கப்பு நடந்துருச்சு!"

எழுந்துபோய்க் கோப்பையை எடுத்துப் பைஜுவின் கையில் திணித்தார். "இப்ப நீதான்டா நடப்பு. அடுத்த ஆனிக்குக் கொண்டாந்து இங்கன வைக்கணும். வாங்காம விட மாட்டேன்." பைஜு கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினான். சுரேஷ்கண்ணன் மைக்கில் அடுத்த ஆனிக் கடைசி ஞாயிற்றுக்கிழமையை அப்போதே அறிவித்துவிட்டான்.

ஆடி பிறந்தது. முதல் ட்ரிப்பில் முன் சீட்டில் ஏறிய, ஏலக்காய் எடுக்கப் போகும் அக்கம்மாள் கோப்பையைக் காணாமல் முன்னால் எட்டிப் பார்த்தாள். "எங்கப்பா நம்ம கப்பு?"

"வரும் ஆத்தா, இரு."

வண்டன்மேட்டு வளைவில் எதிரே குமுளி ஜீப் வந்தது. முன்னால் மாலை போட்டுக் கட்டிய கோப்பை வெயிலில் மின்னியது. பைஜு விடாமல் ஹாரன் அடித்தான். வேல்பாண்டி ஜீப்பை ஓரங்கட்டி, கோணல் விரலை வெளியே நீட்டி, வண்டியிலிருந்த பெண்கள் எல்லாருக்கும் கேட்கும்படி கத்தினார்.

"நல்லாப் பாத்துக்கங்க ஆத்தா, போறது நடப்புச் சாம்பியன். நான் முன்னாள்!"