தராசுக்காகக் காத்திருந்த அம்மன்

பாதி உரத்திலேயே அதிக விளைச்சல் எடுக்கலாம் என்று நான் சொன்னபோது எங்கள் பேராசிரியர் சிரித்தார். "இந்தப் போகமும் சரிவராட்டி ஆய்வை நிப்பாட்டுவம், பிள்ளை" என்றார்.

தெல்தோட்டைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பார்வதி அக்காவின் லயத்து வீட்டுக்குப் பின்னால், நிலத்தை இரண்டாகப் பிரித்துப் போஞ்சி போட்டிருந்தேன். ஒரு பக்கத்துக்கு வழக்கமான உரம். மறு பக்கத்துக்கு அதில் பாதியும், வேலியில் வெட்டிய கிளிசிரிடியாத் தழையும்.

முதல் பறிப்பை நிறுக்கக் கண்டியிலிருந்து தராசோடு போனேன். கொடிகளில் காயே இல்லை! அன்று மாரியம்மன் திருவிழா. முதல் காய் அம்மனுக்குப் போகும் என்பது எனக்குத் தெரியும். திருவிழா என்றைக்கு என்றுதான் விசாரிக்கவில்லை. தராசோடு கோயிலுக்கு ஓடினேன்.

வாசலில் இரண்டு கூடைகளுக்குக் காவலாக நின்றிருந்தார் பார்வதி அக்கா.

"ஏன் மிஸ் இப்பிடி ஓடி வர்றீங்க? ரெண்டு பக்கத்தையும் தனித்தனியாத்தான் பறிச்சோம். கொழுந்து எடுக்கிற ஆளுங்க நாங்க. நிறுக்காம யாருகிட்டயும் கூடையக் குடுக்க மாட்டோம். அம்மனா இருந்தாலும் சரி!"

பூசாரி கற்பூரத் தட்டோடு காத்திருந்தார். தப்பு மேளம் அடிப்பவர்கள் நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள். உரக் கூடையை முதலில் மாட்டினேன். அடுத்து தழைக் கூடை. முள் முன்பு நின்ற இடத்தைத் தாண்டிப் போனது.

"தழதான் ஜெயிச்சிருக்கு!" என்று அக்கா கத்தினார். தப்பு அதிர்ந்தது. தராசைப் பிடித்தபடியே நானும் ஆடினேன். அடுத்தடுத்த பறிப்புகளிலும் தழையே வென்றது.

பிறகு எத்தனையோ மேடைகளில் கைதட்டல் வாங்கிவிட்டேன். அந்தத் தப்புச் சத்தத்துக்கு எதுவும் ஈடில்லை. இப்போதெல்லாம் எந்த ஊரில் விதை போட்டாலும், மண்ணைத் தொடுமுன் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "இங்க திருவிழா எப்ப?"