தானியேல் அளந்த தேக்கு

தானியேலிடம் ஒரு வேண்டாத குணம் இருந்தது. பார்த்ததை அப்படியே எழுதிவிடுவார். பாளையங்கோட்டை மிஷன் பள்ளியில் படித்ததால் வந்தது என்றார்கள். அங்கே படித்த மற்றவர்களைப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை.

பாபநாசத்துக்குக் கீழே, ஆற்றங்கரையில், தில்லைநாயகம் பிள்ளை 1900இல் தேக்குத் தோப்பு வைத்தார். முதல் காவல்காரர் ஞானசிகாமணி. பத்து வருடம் கழித்துக் கண் மங்கியதும் வேலையை மருமகன் தானியேலுக்கு வாங்கிக் கொடுத்தார். தை மாதந்தோறும் மரங்களை நெஞ்சுயரத்தில் கயிறு சுற்றி அளந்து, எவ்வளவு பெருத்தது என்று ஏட்டில் எழுத வேண்டும். மாமனார் காலத்து ஏட்டில் வருடா வருடம் ஒன்றரை அங்குலம், பிசகாமல் இருந்தது.

1912 ஆனியில், தளிர் விட்ட கையோடு, கறுத்த புழுக்கள் வந்தன. தோப்புக்குள் தூறல் விழுவதுபோல் சத்தம். விழுந்ததெல்லாம் புழுவின் எச்சம். பத்து நாளில் இலையில் நரம்பு மட்டும் மிச்சம். மரங்கள் மறுபடி துளிர்த்தன. ஆவணியில் புழுக்கள் அதையும் தின்றன. கார்த்திகையில் பிள்ளை வந்தபோது தோப்பு பச்சைப்பசேலென்று நின்றது. தையில் அளந்தால் கால் அங்குலம்தான்.

“ஒன்றரையாவே எழுதிருங்க, மாப்பிள்ளே. மரமா வந்து சாட்சி சொல்லப் போகுது?” என்றார் ஞானசிகாமணி.

தானியேல் கால் என்றே எழுதினார்.

பிள்ளை கொதித்துவிட்டார். “ஏலே, ஒம் மாமன் இருந்த வரைக்கும் மரம் வளந்துச்சு. நீ தண்ணி பாய்ச்சுனியா, ஒறங்குனியா? நாளைக்கே வேற ஆள் பாக்கேன்.”

வேலை போனால் மனைவி பாக்கியவதியையும் மூன்று பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு எங்கே போவது?

“எசமான், புழு தின்னுட்டு. இலையில்லாத மரம் எதை வச்சுப் பெருக்கும்? ஒண்ணை அறுத்துப் பாருங்க. பொய்யின்னா நானே போயிருதேன்.”

அறுப்புக்காரர் தளவாய் ஒரு மரத்தை அறுத்து, வெட்டு முகத்தில் தண்ணீர் தெளித்தார். வருடத்துக்கு ஒன்றாக வளையங்கள் தெரிந்தன. கடைசி வளையம் நூலாக இருந்தது. தானியேலுக்குப் போன உயிர் திரும்பியது.

தளவாய் விரலை உள்ளே நகர்த்தினார். “இங்கன பாருங்க எசமான். அஞ்சாவது, எட்டாவது. இதுவும் புழு தின்ன வருசந்தான்.”

பிள்ளை ஏட்டைப் புரட்டினார். அந்த வருடங்களிலும் ஒன்றரை அங்குலம். மற்ற வருடங்களில் மரம் கூடுதலாகப் பெருத்து ஈடுகட்டியதால் யாருக்கும் ஐயம் வரவில்லை.

ஞானசிகாமணி ஊன்றுகோலோடு அங்கேதான் நின்றார். பிள்ளை அவரைத் திட்டவில்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. “நீயே இருலே” என்று தானியேலிடம் சொல்லிவிட்டு வண்டியேறினார்.

தானியேல் மாமனாரின் கையைப் பிடித்துப் பைய வீட்டுக்குக் கூட்டிவந்தார். தன்மேல் தப்பில்லை என்று தெரிந்தும் அவருக்கு வெட்கமாக இருந்தது. பாக்கியவதி அப்பாவுக்கு இலை போட்டாள்.

“வேண்டாம், தாயி” என்று வாசலிலேயே நின்றவர், அடுத்த தெருவிலிருந்த தன் வீட்டுக்குத் தட்டித் தடவிப் போனார். அதன்பிறகு எட்டு வருடம் இருந்தார். மகள் வீட்டில் ஒருநாளும் கை நனைக்கவில்லை.