குமுதா சொன்ன குதிரை

பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாடிக்கடையில் ரவிக்கை தைப்பவள் குமுதா. ஐம்பத்திரண்டு வயது. வெள்ளிக்கிழமை மாலையானால் தையல் மெஷினை மூடிவிட்டு, மறுநாள் குதிரைப் பந்தயத் தாளை வெட்டுமேசையில் விரித்துவிடுவாள். எந்தக் குதிரை கடைசியாக எப்படி ஓடியது, எவ்வளவு எடை சுமந்தது, ஈரத்தரையில் திணறியதா என்று துணியில் கோடு போடும் சாக்கட்டியாலேயே குறிப்பாள். பந்தயத்துக்கு மாதம் நாற்பது மலேசிய வெள்ளி, அதற்குமேல் ஒரு காசு இல்லை. சனிக்கிழமை கடையில் கூட்டம் அதிகம் என்பதால் பணம் கட்டப் போவது மட்டும் அவள் கணவன் லோகன். வாடகைக் கார் ஓட்டுபவன். வழியில் பந்தயக் கடையில் நிறுத்திக் கட்டிவிட்டு வருவான்.

அந்த வாரம் அவள் குறித்தது ஒரு செம்பழுப்புக் குதிரை. ஜெயித்தால் பத்து வெள்ளிக்கு எண்பது.

லோகன் தலையைச் சொறிந்தான். “எல்லாரும் ரெண்டாம் நம்பர் மேலதான் கட்டுறாங்க லா. அதான் சேஃப்.”

“அது ஜெயிச்சா பத்துக்குப் பதினெட்டுதாங்க வரும். பத்து தடவ கட்டுனா அஞ்சு தடவ ஜெயிக்கும்னே வைங்க. நூறு போட்டுத் தொண்ணூறு எடுப்பீங்க. என் குதிர பத்துல ரெண்டு தடவதான் ஜெயிக்கும். ஆனா நூத்தறுபது வரும்.”

“எட்டு தடவ தோக்குற குதிரயவா கட்டச் சொல்ற?”

“கட்டுங்கங்க.”

சாயங்காலம் கைப்பேசியில் முடிவைப் பார்த்தாள். செம்பழுப்புதான் முதலில் வந்திருந்தது. சற்று நேரத்தில் லோகன் மீ கோரேங் நூடுல்ஸ் பொட்டலத்தோடு படியேறி வந்தான். அவன் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

“கடைசி நிமிஷத்துல மனசு கேக்கல, குமுதா. ரெண்டாம் நம்பர்ல போட்டுட்டேன்.”

அன்றிரவு அவள் அந்த மீ கோரேங்கைத் தொடவே இல்லை. போன எண்பது வெள்ளி அவளுக்குப் பெரிதில்லை. மார்பு முப்பத்தாறு அங்குலம் என்று அவள் சொன்னால், எந்த வாடிக்கையாளரும் டேப்பைப் பிடுங்கி மறுபடி அளந்து பார்ப்பதில்லை. வீட்டில் மட்டும் அவள் அளவுக்கு மதிப்பில்லை.

இரண்டு வாரம் கழித்து அதே குதிரை மறுபடி ஓடியது. ஒருமுறை ஜெயித்துவிட்டதால் இப்போது எல்லோர் பணமும் அதன் மேல் விழுந்தது. ஜெயித்தாலும் பத்துக்கு இருபத்திரண்டுதான். போதாததற்கு விடியலிலிருந்து மழை. ஈரத்தரை அந்தக் குதிரைக்கு ஆகாது. குமுதா தாளில் அதன் பெயரை அடித்துவிட்டு, மதியம் லோகனுக்குப் போன் செய்தாள்.

“இன்னிக்கு எதுலயும் கட்டாதீங்க.”

“சரி, சரி,” என்றான்.

கட்டியிருந்தான். அதுவும் இருநூறு வெள்ளி. குதிரை ஆறாவதாக வந்தது.

“உன் குதிரதானே!” என்று கடைக்குள் நுழையும்போதே கத்தினான்.

“வேணாம்னு சொன்னேன்ல?”

“போன தடவ கேக்கலன்னு மூஞ்சத் தூக்கி வச்சுக்கிட்ட. இப்ப கேட்டேன். அதுக்கும் திட்டுற.”

“நீங்க எங்கங்க கேட்டீங்க? குதிரயோட பேர மட்டும் எடுத்துக்கிட்டீங்க. ஏன் கட்டணும், ஏன் கட்டக் கூடாதுன்னு சொன்னது காதுலயே விழல.”

அவன் விழித்தான். நடிக்கவில்லை, உண்மையாகவே விளங்கவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலூட்டியது.

கிள்ளானில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, “உன் குதிர இருநூறு வெள்ளிய முழுங்கிருச்சாமே?” என்று நாத்தனார் லெட்சுமி சிரித்தாள். குமுதா எண்பதையும் இருபத்திரண்டையும் சொல்லி விளக்க ஆரம்பித்தாள். பாதியிலேயே லெட்சுமி பாயசம் எடுக்க எழுந்து போய்விட்டாள்.

அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை, கடைக் கதவில் ‘அரை மணியில் வருவேன்’ என்று எழுதி ஒட்டிவிட்டுக் குமுதாவே பணம் கட்டப் போனாள். ஆண்களாகவே நின்ற வரிசையில் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்று, ஒரு சாம்பல் குதிரையின் மேல் பத்து வெள்ளி கட்டினாள். ஜெயித்தால் தொண்ணூறு. அங்கேயே நின்று பார்த்தாள், நாலாவதாக வந்தது.

கணக்கு தப்பில்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனால் யாரிடம் சொன்னாலும் தோற்றதைத்தான் பார்ப்பார்கள். லோகனிடம் சொல்வதில்லை என்று தீர்மானித்துக்கொண்டாள்.

மாடிப்படியில், ரவிக்கை தைக்கக் கொடுத்திருந்த அமுதவள்ளி உட்கார்ந்திருந்தாள். “எங்கக்கா போனீங்க? நாளைக்கு நிச்சயதார்த்தம், ரவிக்கைக்குக் கையே வைக்கலியா இன்னும்?”

“வச்சிடறேன் லா,” என்று குமுதா கதவைத் திறந்தாள்.