புதுப்பொம்பிளையின் முதுகில் ஒரு நீலக்கோடு

என் தையல் பெட்டியில் ஊசி டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு நீலச் சோக்குக் கட்டி கிடக்கிறது. துணியில் கோடு போடத் தையற்காரர்கள் வைத்திருப்பது. ஓரம் தேயாமல் புதிதாகவே இருக்கிறது. அதைத் தந்தவர் தையற்கார நானா. முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம்.

கிண்ணியாவிலிருந்து தோணியில் வந்து, திருகோணமலைப் பட்டினத்தில் கடை வைத்திருந்தவர் அவர். கன்னியர்மடத்துப் பிள்ளைகளுக்குச் சீருடை தைப்பார். அந்த மடத்தில் ஆறு கம்பளி ஆடுகளைப் பார்ப்பதுதான் அப்போது என் வேலை. மலைநாட்டிலிருந்து யாரோ அன்பளிப்பாக அனுப்பியவை. மயிரைக் கிணற்றடியில் அலசிக் காயவைத்து, அநாதைப் பிள்ளைகளின் தலையணைக்கு அடைப்போம். எங்கள் வெயிலுக்கு ஆடுகளின் மேல் அந்தக் கம்பளிப் போர்வை ஆகாது. வெட்டிவிட ஆள் தேடியும் ஒருவரும் கிடைக்கவில்லை. துணி வெட்டுகிறவருக்கு மயிர் வெட்டத் தெரியாதா என்று மடத்துத் தலைவியான மதர் நானாவுக்குச் சொல்லியனுப்பிவிட்டார்.

நானாவுக்கு அவை ஆடுகளல்ல, வாடிக்கையாளர்கள். பெயர்களும் அவர் வைத்ததுதான். கத்தரிக்கோலைக் கண்டதும் தானாக வந்து நிற்பவள் டீச்சர். ஒவ்வொரு வெட்டுக்கும் முனகுபவள் கங்காணியார் பெண்சாதி. மடத்துத் தோட்டத்துப் பயிற்றங்கொடியை வேலிக்கு மேலால் எட்டித் தின்பவள் அவசரக்காரி. எல்லோரும் தின்று முடியும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டு நின்று, பிறகு மிச்சத்தைத் தின்பவள் புதுப்பொம்பிளை. அறியாத ஆள் பட்டியில் நின்றால் அவள் தண்ணீரும் குடிக்கமாட்டாள். ஒருமுறை மருந்துக்காக இரண்டு நாள் வேறிடத்தில் கட்டியபோது பட்டினியாகவே திரும்பி வந்தாள். அவளை எனக்கு நன்றாக விளங்கியது. நானும் விருந்து வீடுகளில் குசினி அடுப்படிப் பக்கம் நின்று தின்கிறவள்தான்.

ஒரு நாள் அவசரக்காரி, துணிக்கொடியில் காய்ந்த கோயில் பீடத் துணியின் சரிகைக் கரையைத் தின்றுவிட்டாள். மதர் பொறுக்கவில்லை. தம்பலகாமத்தில் வயல் செய்யும் கமக்காரர் ஒருவருக்கு அவளைக் கொடுப்பதென்று முடிவாயிற்று. மயிர் வெட்டும் நாளிலேயே அவர் டிராக்டரில் வந்தார். வெட்டி முடிந்ததும் நானா போகிறவள் இவள்தான் என்ற அடையாளத்துக்கு அவசரக்காரியின் முதுகில் நீலச் சோக்கால் ஒரு கோடு போட்டுவிட்டுக் கை கழுவப் போனார். அந்த நேரம் துறைமுகத்தில் கப்பல் ஊதியது. ஆறு ஆடுகளும் வெருண்டு ஒரு மூலைக்குள் நெரிந்தன. பிரிந்து வந்தபோது அவசரக்காரியின் கோடு அழிந்திருந்தது. புதுப்பொம்பிளையின் முதுகில் நீலம் ஒட்டியிருந்தது. கமக்காரர் அவள் கழுத்தில் கயிற்றைப் போட்டார்.

மதரின் முன்னால் நான் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்பவள். அதுவும் தலையாட்டித்தான். அன்று எப்படியோ வாய் திறந்தது.

"மதர், அது அவ இல்லை."

மதர் நானாவைப் பார்த்தார். நானா ஆடுகளைப் பார்த்து நாடியைச் சொறிந்தார்.

"சட்டையைக் கழட்டினாப் பிறகு ஆர் எவரெண்டு எனக்குச் சொல்ல ஏலாது மதர். நான் சட்டையைத்தான் அறிவன்."

நான் பூவரசங் குழையொன்றை முறித்துக்கொண்டு வந்து, கயிற்றில் நின்றவளின் முகத்துக்கு நேரே நீட்டினேன். அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். பின்னாலிருந்து ஒன்று டீச்சரை மிதித்து ஏறி, என் கையிலிருந்த குழையைப் பறித்தது. பறித்த வேகத்தில் நானாவின் கழுத்தில் தொங்கிய அளவுநாடாவையும் சேர்த்து இழுத்தது.

"ஓம், இவதான்," என்றார் நானா, நாடாவை அதன் வாயிலிருந்து உருவிக்கொண்டு. "பிழை என்ர சோக்கில, மதர். தங்கச்சி சொன்னதுதான் சரி."

மதர் சிரித்து நான் கண்டது அன்றைக்குத்தான். கயிறு கழுத்து மாறியது. அவசரக்காரி டிராக்டர் பெட்டியில் வைக்கோலை மென்றுகொண்டே போனாள். ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் புதுப்பொம்பிளைக்குத் தண்ணீர் வைத்துவிட்டு முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் அவள் உறிஞ்சிக் குடிக்கும் சத்தம் கேட்டது.

போகும்போது நானா சோக்குக் கட்டியை என் கையில் வைத்து, "இனி அடையாளம் போடுறது உங்கட வேலை, தங்கச்சி," என்றார்.

இப்போது அந்தப் பட்டி இருந்த இடத்தில் பிள்ளைகள் சைக்கிள் நிறுத்துகிறார்கள். நான் வீட்டில் அயலவர்களுக்குச் சட்டை தைக்கிறேன். கோடு போட வேறு சோக்கு வாங்கி வைத்திருக்கிறேன். நானா தந்ததை நான் துணியிலும் தேய்க்கவில்லை. அதன்பின் அங்கே நான் இருந்த ஏழு வருடத்தில் ஓர் ஆட்டின் முதுகிலும் தேய்க்கவில்லை. அவர்கள் ஒவ்வொருவரும் யாரென்று எனக்குத் தெரியும். கேட்டால் சொல்லவும் பழகியிருந்தேன்.