ஏழு ஒன்றுகளை வகுத்த மத்தியானம்

கற்பலகையில் வரிசையாக ஏழு ஒன்றுகள். பதினோரு லட்சத்துப் பதினோராயிரத்து நூற்றுப் பதினொன்று. எங்கள் மிஷன் பள்ளிக் கணக்கு டீச்சருக்கு அந்த எண்ணின்மேல் தனி மோகம். மூன்றால் வகுத்தாலும் ஏழால் வகுத்தாலும் பதினொன்றால், பதின்மூன்றால் வகுத்தாலும் மிஞ்சுவது ஒன்றுதான். இருநூறு வரை முயன்றுவிட்டு, இதை எதுவும் வகுக்காது என்று முடிவுகட்டியிருந்தார். "ஏழே பகா எண். ஏழு ஒன்னு மட்டும் எப்படி வகுபடும்?" என்பார். புதிதாகச் சேர்ந்த ஆசிரியை நான். எதிர்த்துப் பேசவா முடியும்?

பெங்களூர் தண்டில், அதாவது கன்டோன்மென்டில், பிளேக் பரவியபோது, விடுதிப் பெண் ஒருத்திக்கு நோய் கண்டதும் அவளைக் கவனித்த டீச்சரையும் என்னையும் லிங்கராஜபுரத்துப் பக்கம் வெட்டவெளியில் ஒரு கூடாரத்தில் ஒதுக்கி வைத்தார்கள். அங்கே எனக்குக் காய்ச்சல் வந்தது. பிளேக்குக்கு வரும் நெறிக்கட்டி எதுவும் இல்லை. டாக்டர் டீச்சரிடம் கண்டிப்பாகச் சொன்னார்: "புத்தி தெளிவா இருக்கிற வரைக்கும் இங்கேயே இருக்கட்டும். பிதற்ற ஆரம்பிச்சா டோலியில ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுங்க." அந்த ஆஸ்பத்திரிக் கொட்டகைக்குப் போய்த் திரும்பிய ஒருவரையும் எனக்குத் தெரியாது.

என் புத்தியைச் சோதிக்க டீச்சருக்குத் தெரிந்த ஒரே வழி வகுத்தல்தான். "பதினேழால வகும்மா." மீதி எட்டு என்பேன். தானும் போட்டுப் பார்த்துவிட்டு நிம்மதியாக மூச்சு விடுவார். இப்படியே பகா எண்களாக ஏறிக்கொண்டே போனோம். மறுநாள் மத்தியானம் அவர் கஞ்சி வாங்கப் போனபோது நானாகவே மேலே போய்க்கொண்டிருந்தேன். திரும்பி வந்தவரிடம், "டீச்சர், இருநூற்று முப்பத்தொம்பதால வகுபடுது. மீதியே இல்ல" என்றேன்.

அவர் முகம் வெளுத்தது. நெற்றியைத் தொட்டார்; கொதித்தது. "சரிம்மா, சரி" என்றார். அப்படிக் குழைந்து அவர் யாரிடமும் பேசியதில்லை. சாகப்போகிறவர்களிடம் பேசும் குரல் அது. நோயைவிட அந்தக் குரல்தான் என்னைப் பயமுறுத்தியது.

அவர் சொல்லியனுப்பிய டோலி வந்துவிட்டது. "போலாமாம்மா? வெயில் ஜாஸ்தி ஆகுது" என்றான் தூக்குகிறவன். நான் டீச்சரின் முந்தானையை விடவில்லை. "ஒரே ஒரு பெருக்கல் போடுங்க டீச்சர். நாலாயிரத்து அறுநூற்று நாப்பத்தொம்பது, இருநூற்று முப்பத்தொம்பது. தப்பா வந்தா நானே ஏறிப் படுத்துக்கறேன்."

என்னைச் சமாதானப்படுத்தத்தான் பலகையை எடுத்தார். மூன்று வரி எழுதிக் கூட்டினார். வலது ஓரத்தில் ஒன்று விழுந்தது. அடுத்தும் ஒன்று. நான்காவது ஒன்றை எழுதியதும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஏழாவதை எழுதியபின் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். டோலிக்காரர்களைப் போகச் சொல்லிக் கையை அசைத்தார். "அனுப்பியிருப்பேனே, உன்ன அனுப்பியிருப்பேனே" என்று அழுதார்.

இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிட்டது. வெறும் மலேரியாவாக இருந்திருக்கலாம். இன்று எனக்கு அன்றைய டீச்சரைவிட வயது கூடிவிட்டது. அந்த மத்தியானத்தை நினைத்தால் இப்போது எனக்காக நான் பயப்படுவதில்லை. என்னை அனுப்பிவிட்டு, பிறகு என்றாவது ஒருநாள் தனியாக உட்கார்ந்து அவர் அந்தப் பெருக்கலைப் போட்டுப் பார்த்திருந்தால் என்ன ஆகியிருப்பார் என்றுதான் பயப்படுகிறேன்.